தலை மட்டும் ஒரிஜினல்

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில், மூன்றாம் மாடியில் குடியிருக்கும் சுபாஷிணிக்கு வேலை, பிறத்தியாரை ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்துக் காதில் ஹெட்ஃபோனை மாட்டி, "ஆவாஸ் கேட்டா பட்டனை அமுக்குங்கோ" என்று சொல்வது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இருபத்தாறு வருஷமாக அதைத்தான் செய்கிறார். வெளிச்சத்தம் துளியும் நுழையாத இடம். காலையில் போனால் சாயங்காலம் வரை 'பீப்' தவிர வேறு ஒலி கிடையாது. வயதான ஆண்கள் சத்தம் கேட்காமலேயே பட்டனை அமுக்குவார்கள் என்பது அவருடைய அனுபவம். காது கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்வதைவிட, குத்துமதிப்பாக அமுக்குவது அவர்களுக்குக் கௌரவமாகப் படுகிறது.

போன மார்ச்சில் நாற்பத்தொன்பது வயது முடிந்த கையோடு அவர் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார். ஒற்றை சிலிண்டர், 1973ஆம் வருஷ மாடல். கணவர் ஷங்கர் ஓர் அமைச்சகத்தில் அண்டர் செக்ரட்டரி. "யோசிச்சுச் செய்யலாமே சுபா" என்றார். எந்தக் கோப்பு வந்தாலும் அவர் அதைத்தான் எழுதுவார்.

"இருபத்தாறு வருஷமா யோசிச்சாச்சு. எனக்குக் கொஞ்சம் சத்தம் வேணும்" என்றார் சுபாஷிணி.

விற்றவர் கரோல் பாக்கில் பழைய வண்டிகளைப் புதுப்பித்து விற்கும் பல்லா. பளபளவென்று கறுப்புப் பெயின்ட், தங்க நிறக் கோடு, முகம் பார்க்கும்படி குரோமியம். "இஞ்சின் மக்கன் ஹை மேடம்ஜி, மக்கன்!" என்றார். வெண்ணெய் மாதிரி ஓடுமாம். காகிதமெல்லாம் சுத்தம். டெல்லியில் சட்டப்படி பதினைந்து வயதைத் தாண்டிய பெட்ரோல் வண்டி குப்பை. ஐம்பதைத் தாண்டிவிட்டால் வின்டேஜ். நடுவிலுள்ள முப்பத்தைந்து வருஷத்தை அந்த வண்டி எங்கே ஒளிந்து கழித்தது என்று பல்லா சொல்லவில்லை, சுபாஷிணியும் கேட்கவில்லை.

வெண்ணெய் கனாட் பிளேஸ் வரை உருகாமல் வந்தது. அதற்கப்புறம் வேகம் நாற்பதைத் தொட்டதும் வண்டி உதறத் தொடங்கியது. கண்ணாடியில் பின்னால் வந்த ஒரு பஸ் நாலு பஸ்ஸாகத் தெரிந்தது. யமுனைப் பாலத்தில் நம்பர் பிளேட்டின் ஒரு திருகு கழன்று ஓடியது. வீட்டு வாசலில் இறங்கியபோது இரண்டு உள்ளங்கையும் மரத்திருந்தன, வலது செருப்பு எண்ணெயில் ஊறியிருந்தது. மறுநாள் காலை வண்டிக்கடியில் மூன்று இடத்தில் எண்ணெய் தேங்கி நின்றது.

ஏழரை மணிக்கு சொசைட்டியின் வாட்ஸ்அப்பில் அந்த எண்ணெயின் புகைப்படம் வந்தது. எட்டரைக்குள் பார்க்கிங்கில் ஆறு ஆண்கள் கூடிவிட்டோம். ஆம், நானும் போனேன்.

சொசைட்டியின் செக்ரட்டரி வெங்கடேஸ்வரன் மாமா, ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, இடது காதை இஞ்சின் பக்கம் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அரை நிமிஷம் கழித்துத் திறந்தார்.

"கிராங்க் பேரிங் போயிடுத்தும்மா. கரகரன்னு கேக்கறதே, உங்க யாருக்கும் கேக்கலையா?"

எல்லாரும் கேட்கிறது என்றோம். எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் கேட்கிறது என்றேன்.

இந்த மாமாவின் காதை முந்தின வருஷம் சோதித்தவரே சுபாஷிணிதான். அந்த இடது காதில் எவ்வளவு மிச்சம் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். ஆனால் நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. எனவே, "அப்படியா மாமா" என்று மட்டும் சொன்னார். அந்த இரண்டு வார்த்தையை அவ்வளவு பொறுமையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்து ஷங்கர், மூன்று மெக்கானிக்குகளிடம் தனித்தனியாக எழுத்தில் கருத்து வாங்கலாம் என்றார். நான் முந்தின ராத்திரி பார்த்த ஒரு யூடியூப் வீடியோவின் பலத்தில், கார்புரேட்டர் என்றேன். எண்ணெய் ஒழுகுவதற்கும் கார்புரேட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று சுபாஷிணி கேட்டார். மறைமுகமான சம்பந்தம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நிர்வாகக் குழு கூடி, வெங்கடேஸ்வரன் மாமா தலைமையில் 'அதிர்வு மற்றும் கசிவு துணைக்குழு' ஒன்றை அமைத்தது. நான் அதில் உறுப்பினர். இரண்டு கூட்டம் நடந்தது, இரண்டிலும் சமோசா. முதல் கூட்டத்தில் இஞ்சினை முழுக்கப் பிரிக்க வேண்டும் என்று முடிவானது. இரண்டாவதில், பிரித்தால் திரும்பப் பூட்டுவது யார் என்ற கேள்வி எழுந்ததால், வண்டிக்கடியில் ஒரு தகர டிரே வைப்பது என்று தீர்மானம் நிறைவேறியது. டிரே வந்தது. ஸ்டார்ட் செய்ததும் வண்டி தன் அதிர்வில் அதையும் தள்ளிக்கொண்டே போய் எண்ணெயைத் தரையில்தான் சொட்டியது.

சுபாஷிணி ஒரு வாரம் லீவு போட்டார். "என்னத்துக்கு?" என்று ஷங்கர் கேட்டதற்கு, "பேஷன்ட் பார்க்கணும்" என்றார்.

அவர் செய்த முதல் காரியம் வண்டியைக் குளிப்பாட்டியது. மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்து இஞ்சினின் மடிப்பு மடிப்பாகத் தேய்த்து, ஒரு பொட்டு எண்ணெய் இல்லாமல் துடைத்தார். காய்ந்ததும் முகத்துக்குப் போடும் பவுடரை இஞ்சின் முழுக்கத் தூவினார். கீழே செய்தித்தாளை விரித்து, பத்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைத்துவிட்டு டார்ச்சை அடித்துப் பார்த்தார். எண்ணெய் எங்கே முதலில் கசிகிறதோ அங்கே பவுடர் கறுக்கும். கீழே சொட்டுகிற இடம் வேறு, ஊறுகிற இடம் வேறு என்பது எங்கள் துணைக்குழுவுக்குத் தோன்றவேயில்லை.

பவுடர் கறுத்தது ஒரு இடத்தில் இல்லை. கிக்கர் தண்டைச் சுற்றி, வலப்பக்க மூடியின் விளிம்பில், சிலிண்டரின் அடியில் என்று மூன்று இடத்தில், ஒரே நேரத்தில்.

"மூணு கேஸ்கெட் அடைப்பும் போயிடுத்து" என்றேன் நான். வேடிக்கை பார்க்க வந்திருந்தேன்.

"அது எப்படி சார், மூணும் பேசி வெச்சுண்டு ஒரே நாள்ல போகும்?" என்றார் சுபாஷிணி. "ராஜீவ் சவுக்ல மெட்ரோ கதவு திறந்தா ஜனங்க பிதுங்கி வரா. கதவு கெட்டுப்போச்சுன்னா சொல்றோம்? உள்ள நெரிசல்."

உள்ளே நெரிசல் ஏன் என்பது அடுத்த கேள்வி. பிஸ்டன் ஏறி இறங்குகையில் இஞ்சினுக்குள் காற்று அமுங்கும். அது வெளியேற ஒரு ரப்பர் குழாய் இருக்கும், ப்ரீதர் பைப் என்பார்கள். இஞ்சின் மூச்சுவிடும் மூக்கு அது. சுபாஷிணி அந்தக் குழாயை விரலால் தடவிக்கொண்டே பின்சக்கரம் வரை போனார். அதன் முனையில் பென்சில் கனத்துக்கு ஒரு மரத்துண்டைச் செருகி, மேலே எம்-சீல் பசையைப் பூசி, அதற்கும் மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது. காது மூக்கு தொண்டைப் பிரிவில் இருபத்தாறு வருஷம் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். முனையைக் கத்தியால் வெட்டி எறிந்தார்.

மறுபடியும் பவுடர், மறுபடியும் பத்து நிமிஷம். இந்தத் தடவை எங்கும் கறுக்கவில்லை. குழாயிலிருந்து மட்டும் இரண்டு சொட்டு விழுந்தது. அது விழ வேண்டிய எண்ணெய்.

உதறல் மட்டும் போகவில்லை. அன்று நொய்டா பக்கம் ஒரு சுற்றுப் போய்வந்து, எந்த வேகத்தில் எங்கே உதறுகிறது என்று குறித்துக்கொண்டார். முப்பத்தெட்டில் ஆரம்பம், நாற்பத்தைந்தில் உச்சம், ஐம்பத்தைந்தில் கொஞ்சம் அடக்கம். கைப்பிடியைவிடக் கால் வைக்கும் கம்பியில் அதிகம். சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார், கோணல் இல்லை. செயின் சரி. பிறகு தரையில் உட்கார்ந்து, இஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதிக்க ஆரம்பித்தார். ஷங்கர் ஆக்சிலரேட்டரைத் திருக, சுபாஷிணி ஒரு விரலைப் பாதி இஞ்சின்மீதும் பாதி சட்டத்தின்மீதும் வைத்துப் பார்த்தார். போல்ட் இறுக்கமாக இருந்தால் இரண்டும் சேர்ந்து ஆடும். முன்பக்கம் சேர்ந்துதான் ஆடியது. பின்பக்கம் கீழே, இஞ்சின் ஒரு பக்கமும் சட்டம் ஒரு பக்கமுமாக விரலைக் கிள்ளியது.

"ஏன்னா, நிறுத்துங்கோ! ஜல்தி!"

அந்த போல்ட்டில் ஸ்பேனரை வைத்துத் திருகினார். திருகக்கூட வேண்டியிருக்கவில்லை. அறுகோணத் தலை வடையிலிருந்து உதிரும் மிளகு மாதிரி கையோடு வந்தது. பின்னால் தண்டு இல்லை, காய்ந்த பசைதான் இருந்தது. எதிர்ப்பக்கத்து நட்டும் அப்படியே. உள்ளே இருந்த நீள போல்ட் எப்போதோ துண்டு துண்டாக முறிந்திருக்க, இரண்டு முனையையும் பசை போட்டு ஒட்டிப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அவ்வளவு பெரிய இஞ்சின் பின்பக்கம் எந்தப் பிடிப்பும் இல்லாமல்தான் யமுனையைத் தாண்டி வந்திருக்கிறது.

ஷங்கர் அந்தத் தலையை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "எங்க ஆபீஸ்ல கூட..." என்று ஆரம்பித்தவர், நான் நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் சுபாஷிணி மெட்ரோ பிடித்துக் கரோல் பாக் போனார். ஷங்கருக்கு வேலை இருந்ததால் துணைக்கு நான் போனேன். எம்-சீல் பூசிய குழாய் முனையையும் போல்ட் தலையையும் பல்லாவின் மேஜைமேல் வைத்தார். பல்லா கொஞ்சமும் அசரவில்லை. சாய் வரவழைத்தார். குழாயில் சொட்டுவதைப் பார்த்தால் கஸ்டமர் பயப்படுகிறார். அதனால் அடைத்துவிடுவோம் என்று இந்தியில் விளக்கினார், நோயைச் சொல்லி நோயாளியைக் கலங்கடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்வதைப் போல.

"பல்லாஜி, இந்த போல்ட்? எல்லா பார்ட்டும் ஒரிஜினல்னு சொன்னீங்களே?"

பல்லா தலையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அதில் பொறித்திருந்த பழைய முத்திரையைக் காட்டினார். அவர் முகத்தில் உண்மையான பெருமை தெரிந்தது.

"சர் தோ ஒரிஜினல் ஹை, மேடம்ஜி."

தலை என்னவோ ஒரிஜினல்தான்.

சுபாஷிணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சொன்னார், "இதே ஜோக்கை நான் வாசல்ல நின்னு உங்க அடுத்த கஸ்டமருக்குச் சொல்லட்டா?" பல்லா எழுந்து, அடுத்த சந்திலிருந்த லேத் பட்டறைக்கு அவரே நடந்து போய், உறுதியான இரும்பில் புது போல்ட்டும் நட்டும் அளவெடுத்துக் கடையச் சொல்லி, சாயங்காலத்துக்குள் கொடுத்தார்.

முறிந்த துண்டுகளைத் தட்டி வெளியே தள்ளிப் புதியதைப் பூட்டச் சனிக்கிழமை பகல் முழுவதும் ஆனது. வண்டி இப்போதும் அதிர்கிறது. ஒற்றை சிலிண்டர் அதிரத்தான் செய்யும். ஆனால் கண்ணாடியில் ஒரு பஸ் ஒரு பஸ்ஸாகவே தெரிகிறது.

துணைக்குழு மூன்றாவது முறை கூடி வெற்றியைப் பதிவு செய்தது. "உள்ள ஏதோ போயிருக்குன்னு நான் அன்னிக்கே சொன்னேனோல்லியோ?" என்றார் வெங்கடேஸ்வரன் மாமா. நானும், காற்றுப் பிரச்சினையைத்தான் அன்று கார்புரேட்டர் என்று குறிப்பிட்டதாக விளக்கினேன். சுபாஷிணி சமோசாவைத் தின்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் ஷங்கர் விதிப் புத்தகத்தைத் தேடிப் பிடித்துப் படித்திருந்தார். வின்டேஜ் வண்டியைத் தினப்படி உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், பழுதுபார்ப்பு, பெட்ரோல் நிரப்புவது, இவற்றுக்குத்தான் அனுமதி. கவலையோடு மனைவியிடம் படித்துக்காட்டினார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு சொசைட்டி மொத்தமும் எழுந்துவிடுகிறது. படபடவென்ற அந்தச் சத்தம் வெங்கடேஸ்வரன் மாமாவுக்கே கேட்கிறது. போன வாரம் பால் வாங்க இறங்கியவன், பின்சீட்டில் ஹெல்மெட்டோடு ஷங்கர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன்.

"எங்க கிளம்பிட்டேள்?" என்றேன்.

"பெட்ரோல் போட" என்றார் சுபாஷிணி.

"பங்க் இங்க பக்கத்துலயே இருக்கே?"

"எனக்கு அம்பது கிலோமீட்டர் தள்ளி, மானேசர் பெட்ரோல்தான் ஒத்துக்கறது" என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டார்.