கூப்பிட்டவர் வைக்கும் வரை

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் ஒரு விதி உண்டு. கூப்பிட்டவர் போனை வைக்கும் வரை எடுத்தவர் வைக்கக் கூடாது. மழை ஒழுங்காகப் பெய்துகொண்டிருந்த காலத்தில் யாரோ போட்ட விதி. அப்போதெல்லாம் எங்காவது ஒரு குழாய் ஒழுகும், ஒருவர் கூப்பிடுவார், நன்றி சொல்லி வைத்துவிடுவார். இப்போது இரண்டாவது வருடமாக ஏரி வறண்டு கிடக்கிறது. லாரித் தண்ணீரில் ஊர் ஓடுகிறது. கூப்பிடுகிறவர்கள் லேசில் வைப்பதாக இல்லை.

அங்கே போன் எடுக்கும் பெண்களில் மூத்தவளுக்கு 'ஆகட்டும் அக்கா' என்று பெயர். எது சொன்னாலும் "ஆகட்டுங்க" என்பாள். லாரி வரவில்லையா, ஆகட்டுங்க. வந்த லாரியில் பாதி வழியிலேயே சிந்திவிட்டதா, ஆகட்டுங்க. உன் ஆபீஸ் நாசமாகப் போகட்டுமா, அதற்கும் ஆகட்டுங்க. என்ன பொறுமை என்று சூப்பர்வைசர் மெச்சினார். பொறுமையும் மரத்துப்போவதும் வெளியிலிருந்து பார்க்க ஒரே முகம்தான். உள்ளே இருப்பவருக்குத்தான் வித்தியாசம் தெரியும். சமயத்தில் அவருக்கும் தெரியாது.

ஆரம்பத்தில் அவள் இப்படி இல்லை. முதல் கோடையில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி போனில் அழுதால் இவளும் மூக்கை உறிஞ்சுவாள். லாரி டிரைவரைப் பிடித்து, "அண்ணே, அந்தத் தெருவுக்கு மட்டும் முதல்ல போயிடுங்கண்ணே" என்று கெஞ்சுவாள். இப்போது அழுகை கேட்டால் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தபடி, மேசை விரிப்பின் ஓரத்தில் பிரிந்து தொங்கும் நூலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வேலையில் மட்டும் ஒரு பிசகும் இல்லை.

பிசகு வீட்டில் வந்தது.

அவள் கணவர் மோட்டார் மெக்கானிக். ஊர் மோட்டார்கள் எல்லாம் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுத்துக் கருகிக்கொண்டிருந்ததால் பட்டறையில் அவருக்குத் தலைக்கு மேல் வேலை. ஒரு மாலை அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய உயிர்த்தோழி திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டாளாம். பெஞ்சு மாறி உட்கார்ந்துகொண்டாளாம். சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது.

"எதுக்குன்னே தெரியலம்மா. நான் என்னம்மா பண்ணேன்?"

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா சொன்னாள்: "ஆகட்டுங்க. உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டோம். வரிசைப்படி கவனிப்பாங்க."

பாதி மடித்த துண்டு கையிலேயே நின்றது. சொன்னது என்னவென்று அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. மகள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"நல்லா இருக்கு," என்றார் மெக்கானிக். "அப்படியே என் புகார் எந்த வரிசைல இருக்குன்னு பாத்துச் சொல்லேன்."

"நீங்க வேற. வாய் தவறி வந்துடுச்சுங்க."

அதற்குப் பிறகு மகள் அவளிடம் எதையும் சொல்வதில்லை. ஸ்கூல் எப்படி? நல்லா இருக்கு. அவ பேசினாளா? ம். மாலையில் ஸ்கூல் விட்டதும் நேரே பட்டறைக்குப் போய் அப்பாவோடுதான் திரும்பினாள். இருவரும் கிசுகிசுத்துக்கொண்டு வருவார்கள். அம்மா தலை தெரிந்ததும் பேச்சு அறுந்துவிடும்.

அதைவிட அவளைப் பயமுறுத்தியது வேறு. இத்தனைக்கும் அவளுக்கு அழுகை வரவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து, முயன்றுகூடப் பார்த்தாள். குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வருமே, அப்படி ஒரு பெருமூச்சு வந்தது, அவ்வளவுதான். இனி தனக்குள் ஒன்றும் ஊறாதோ என்று நினைத்தாள். லீவு கேட்டுப் பார்த்தாள். "மழை வரட்டும்மா, எல்லாரும் சேர்ந்தே எடுப்போம்," என்றார் சூப்பர்வைசர்.

ஒரு நாள் மதியம் போன் அடித்தது.

"குடிநீர் புகார்ப் பிரிவு, சொல்லுங்க."

"எங்க வீட்டுக்கு வரத்து நின்னுபோச்சுங்க."

"ஆகட்டுங்க. லாரி எப்பலேருந்து வரலை?"

"லாரி இல்லீங்க, ஆளு. தினம் சாயங்காலம் கரெக்டா வருது. துணி மடிக்குது. உள்ளதான் யாரும் இல்ல."

பின்னால் இரும்பு மேல் சுத்தியல் விழும் சத்தம். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னங்க இது, வேலை நேரத்துல? முதல்ல வைங்க."

"கூப்பிட்டவன்தான வைக்கணும்? நான் வைக்கறதா இல்ல."

பக்கத்து இருக்கைக்காரி எட்டிப் பார்த்தாள். "யாருக்கா, பழைய ஆளா?"

"ரொம்பப் பழைய ஆளு."

"இங்க பாரு," என்றார் அவர். "தண்ணி இல்லாம ஓடுற மோட்டாரை என்ன பண்ணணும் தெரியுமா?"

"எரிய விட்டு உங்ககிட்ட தூக்கிட்டு வரணும்."

"அதுக்கு முன்னாடி அணைக்கணும்."

"எதை அணைக்கச் சொல்றீங்க? லீவே கிடையாதுங்கறாங்க."

"சரி, அணைக்க வேணாம். நாள் பூரா திட்டு வாங்கறியே, ஒரு நாளாவது திட்டிப் பாத்திருக்கியா? கிளம்பறதுக்கு முன்னாடி பட்டறைக்குப் போன் போடு. நான் எடுக்கறேன்."

பைத்தியக்கார மனுஷன் என்று நினைத்தாள். ஆனாலும் மாலையில் பையைத் தோளில் மாட்டியவள், மாட்டியபடியே உட்கார்ந்து பட்டறை எண்ணை அழுத்தினாள்.

"புகார்ப் பிரிவு, சொல்லுங்க," என்றார் ஜம்பமாக.

"மூணாவது மாடிக்காரர் ஒருத்தர் இருக்காரு. தினம் போன் பண்ணி என்னை ஏய்ங்கறாரு."

"அவர் நம்பரைக் குடு, நான் பேசிக்கறேன்."

"ஐயோ, யோசனை கேட்டேனா? ஆகட்டுங்கன்னு சொல்லுங்க, போதும்."

"ஆகட்டுங்க."

அவள் ஆரம்பித்தாள். மூன்றாவது மாடிக்காரர், அவருக்குப் பிறகு சூப்பர்வைசர், தலைக்கு மேல் கிறீச்சிடும் மின்விசிறி, ஏரி, வானம் என்று ஒருவரையும் விடவில்லை. மறுமுனையில் வரிக்கு வரி "ஆகட்டுங்க" விழுந்தது.

"யார் அழுதாலும் எனக்கு ஒண்ணும் ஆகறதில்ல. நான் மரக்கட்டையா ஆயிட்டேன்."

"ஆகட்டுங்க."

"என்னது?"

"சாரி, பழக்கதோஷம்."

அவள் சிரித்துவிட்டாள். எவ்வளவு காலம் கழித்தோ வந்த சிரிப்பு, வந்த வேகத்தில் வழி மாறிப் போனது. "எம் பொண்ணு எங்கிட்ட பேச மாட்டேங்கறாங்க," என்றாள். அது அவள் சொல்ல நினைத்ததே இல்லை. கண்ணிலிருந்து கொட்டியது, மேசை விரிப்பில் சொட்டியது.

மறுமுனையில் ஆகட்டுங்க வரவில்லை. ஏதோ சலசலப்பு. பிறகு யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம், மெக்கானிக்குடையது அல்ல.

"அம்மா," என்றது போன். "உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டோம்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எந்த வரிசைலங்க?"

"முதல்லயே போட்டிருக்கு. நீ அழுறியாம்மா?"

"ஆமாண்டி."

"நெஜமாவா?" அந்தக் குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

"உன் பிரெண்டு ஏன் பேசலைன்னு தெரிஞ்சுதா?"

"அது பெரிய கதைம்மா. வீட்டுக்கு வா, முழுசா சொல்றேன். நடுவுல துணி மடிக்கக் கூடாது."

"மடிக்கல. சரி, வைடி."

"நான் எப்படி வைக்கறது? நீதான கூப்பிட்ட?"

அவள் கையிலிருந்த போனைப் பார்த்தாள். வறட்சி தொடங்கிய நாளிலிருந்து, இந்த மேசையில் அவள் ஒரு தடவைகூடத் தானாக அதை வைத்ததில்லை. நன்றாக ஓங்கி, ஒரு அறை அறைந்து வைத்தாள். மேசை அதிர்ந்தது.

பக்கத்து இருக்கைக்காரி துள்ளி விழுந்தாள். "என்னக்கா, சண்டையா?"

"இல்ல. கூப்பிட்டது நான்," என்று சொல்லி, பையைச் சரிசெய்துகொண்டு கிளம்பினாள். அவள் பின்னால் போன் மறுபடி அடிக்கத் தொடங்கியது.