ஊசியக்காவின் கொக்கு

காதுக் கருவி பழுதுபார்க்கும் அந்தப் பட்டறையில் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எள்ளில் பாதி இருக்கும் மின்சில்லைக்கூடச் சர்க்யூட் பலகையில் ஒட்டிவிடுவாள் என்பதால் வந்த பேர். பதினோரு வருடமாக முதல் மேசை அவளுடையது. பக்கத்து மேசையில் தங்கை. தங்கையை வேலைக்குச் சேர்த்துவிட்டதே ஊசியக்காதான்.

இரண்டு வருடம் முன்பு ஒரு காலையில், இடுக்கி பிடித்த இடது கை தானாக ஆடியது. குளிர் என்று நினைத்தாள். மறுநாளும் ஆடியது. நாற்காலி போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க வீட்டில் சாப்பாட்டு மேசையை ஒதுக்கிக்கொண்டு ஒரு சாமான் செய்தாள். சைக்கிள் சக்கரக் கம்பியை வளைத்து மூன்று கால் வைத்தாள். முனையில் தையல் ஊசி, அதன் தலையில் கனத்துக்கு ஒரு நட்டு. பசை தொட்ட பல்குச்சியால் சில்லைத் தூக்கி வைத்து, மேலே இந்த ஊசியை இறக்கினால் அசையாமல் பிடித்துக்கொள்ளும். ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் முனை தடிமனாக இருந்தது. அதில் செம்புக் கம்பியைச் சுற்றி, நுனியைத் தேய்த்துக் கூராக்கினாள். இனி மேசையில் எல்லாமே வலது கை வேலை. இடது கை மடியில் கிடந்தது.

"என்னக்கா இது, மீனுக்குக் காத்திருக்கிற கொக்கு மாதிரி?" என்று தங்கையும் மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். பத்தே நாளில் நாலு பேரும் கேட்டார்கள். செய்து கொடுத்தாள். பிறகு பார்த்தால், நாலு பேரும் இடது கையை மடியில் போட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள்.

"அப்படி வச்சாத்தான் கொக்கு ஆடாம நிக்கும்," என்று தங்கை மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தாள்.

ஊசியக்காவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே நிம்மதியும். ஐந்து கை மடியில் கிடக்கும்போது, அவள் கையை மட்டும் யார் பார்க்கப்போகிறார்கள்?

வேலை தரும் கம்பெனியிலிருந்து ஒரு நாள் சோதனை அதிகாரியம்மா வந்தாள். கொக்கைத் தூக்கிப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள், படமும் எடுத்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கம்பெனி விதிப்படி, இது இல்லாம வெறும் இடுக்கியால ரெண்டு பேர் செஞ்சு காட்டணும். யார் வர்றீங்க?"

தங்கை முந்திக்கொண்டாள். செய்தும் முடித்தாள். முடித்த உற்சாகத்தில், "எங்கக்காவப் பாருங்க மேடம். இவ கைக்கு முன்னாடி மிஷினெல்லாம் பிச்சை வாங்கணும்," என்றாள்.

"எனக்குக் கண்ணு எரியுது. வேற யாரையாவது..."

"அட, சும்மா பிகு பண்ணிக்காத. உட்காருக்கா."

முதலாளி பெருமையாகச் சிரித்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவள் முழங்கையை மேசையில் அழுத்தினாள். மூச்சைப் பிடித்தாள். முதல் சில்லு இடுக்கியிலிருந்து தெறித்து எங்கோ போனது. இரண்டாவது சாய்ந்து ஒட்டியது. மூன்றாவதை எடுக்கும்போது இடுக்கி முனை பலகையில் டக்டக்கென்று தட்டியது. தங்கையின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோனது.

அதிகாரியம்மா பேனாவை மூடினாள். "சில்லு கெட்டுப்போகாம இருக்க, இந்தக் கருவிக்கு எர்த் கம்பி கொடுத்துட்டுப் பயன்படுத்திக்கலாம். அது இல்லாமச் செய்ய முடியாதவங்க மேசையில உட்காரக் கூடாது."

"அதை உண்டாக்கினதே நான்தான் மேடம்."

"நான் இல்லேன்னு சொல்லலையே."

மத்தியானமே அவளை லேபிள் ஒட்டும் அறைக்கு அனுப்பினார்கள். முதல் மேசை தங்கைக்குப் போனது. முதலாளி ஊசியக்காவின் முகத்தைப் பார்க்காமல், "உடம்பைப் பார்த்துக்கம்மா," என்றார்.

ஒரு வாரம் கழித்துத் தங்கை லேபிள் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, புதுசா ஆறு பேர் சேர்றாங்க. முதலாளி இன்னும் ஆறு கொக்கு கேக்கறார். எங்களுக்கு வளைக்க வரல. முனை ஒரு பக்கமா இழுக்குது."

"இழுக்கும்."

"எப்படின்னு சொல்லியாவது குடேன்."

ஊசியக்கா அடுத்த பெட்டியை இழுத்து லேபிளை வைத்தாள். கோணிக்கொண்டது. உரித்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"நான் அவர்கிட்ட என்னன்னு சொல்றது?"

"அக்காவுக்குக் கை ஆடுதுன்னு சொல்லு."