பார்வையாளர் நேரம்

லூர்துமேரி வெளிநாட்டுக்குப் போனதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. தருமபுரியில் நர்சிங் முடித்து, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சில வருடம் வேலை பார்த்திருந்தார். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு சின்ன நாட்டில் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ் எடுக்கிறார்கள் என்று கூடப் படித்த பெண் ஒருத்தி சொன்னாள். பாப்பிரெட்டிப்பட்டியில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் கணவர் கலைவாணன், "போய்ப் பாத்துட்டு வா மேரி, புடிக்கலன்னா திரும்பிடு" என்றார். போனவருக்குப் பிடித்துப்போனது. அந்த ஊர் மொழியும் சீக்கிரமே நாக்கில் ஒட்டிக்கொண்டது. வருடத்துக்கு ஒரு முறை லீவில் வந்து போவார்.

நாட்டின் பெயரை எழுத வேண்டாம் என்று லூர்துமேரி கேட்டுக்கொண்டார். அன்றைக்கு ராணுவச் சீருடையில் இருந்தவர்களில் பலர் இன்றைக்கும் அதே சீருடையில் இருக்கிறார்களாம். தன்னோடு வேலை செய்த பெண்கள் தினமும் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கிறது என்றார்.

அங்கே ஆண்டுகொண்டிருந்தவர் ராணுவத்திலிருந்து வந்த அதிபர். அவர் பதவிக்கு வந்தபோது பிறந்த பிள்ளைகள் கல்லூரியே முடித்துவிட்டார்கள், அவர் இறங்குகிறபாடில்லை. தேர்தல் ஒழுங்காக நடக்கும். எதிர்த்து நிற்கிறவர் மட்டும் வாக்குப்பதிவுக்கு முன்பே சிறையில் இருப்பார். கடைசித் தேர்தலில் அதிபர் மறுபடியும் ஜெயித்ததாக அறிவித்தபோது மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். துறைமுகத் தொழிலாளர்களும் சந்தைப் பெண்களும் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். ராணுவம் சுட்டது. இன்டர்நெட்டை நிறுத்தினார்கள்.

குண்டடி பட்டவர்கள் வந்து சேர்ந்த இடம் லூர்துமேரியின் வார்டு. அவர்தான் அங்கே இன்சார்ஜ் சிஸ்டர். கட்டில் போதாமல் தரையில் மெத்தை விரித்துப் படுக்கவைத்தார்கள். எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். வலியைவிட, வீட்டுக்குத் தெரிந்தால் அம்மா என்ன ஆவாளோ என்கிற பயம்தான் அவர்களுக்கு அதிகம் இருந்தது என்கிறார்.

சுட்ட மறுநாள் ஒரு மேஜர் சிப்பாய்களோடு வந்தான். குண்டு பட்டவர்கள் எல்லாரும் கலவரக்காரர்கள், ராணுவ ஆஸ்பத்திரிக்கு மாற்றப்போகிறோம் என்றான். மூன்று பையன்களை டிரிப்ஸோடு தூக்கிக்கொண்டு போனார்கள். லூர்துமேரி ஒருவனின் டிரிப்ஸ் ஸ்டாண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டி வரைக்கும் கூடவே போனார். வண்டிக் கதவைச் சாத்தியபோது அந்த ஸ்டாண்டு வெளியிலேயே நின்றுவிட்டது. ராணுவ ஆஸ்பத்திரியில் அவருக்குத் தெரிந்த ஒரு நர்ஸ் இருந்தாள். விசாரித்தபோது, அப்படி யாரும் அங்கே வரவில்லை என்று சொன்னாள்.

அதே வாரம் இந்தியத் தூதரகத்திலிருந்து, ஊர் திரும்ப விரும்புகிறவர்களுக்கு விமானம் தயாராக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். கலைவாணனுக்குத் தரைவழி போன் ஒரு தடவை கிடைத்தது.

"வூட்டுக்கு வந்துடு மேரி. அது அவங்க சண்டை."

"அவங்க சண்டைதாங்க. ஆனா வார்டு என்னுது."

கலைவாணன் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்டார். லைன் அறுந்துபோனது. விமானம் லூர்துமேரி இல்லாமலே கிளம்பியது.

வார்டில் ஹவா என்று ஒரு பெண் இருந்தாள். சட்டக் கல்லூரி மாணவி. போராட்டத்தை நடத்தியவர்களில் ஒருத்தி. தொடையில் குண்டு பாய்ந்து எலும்பு முறிந்திருந்தது. பக்கத்துப் படுக்கைப் பையன்கள், வெளிநாட்டுக்காரன் படையோடு வந்தால்தான் இந்த ஆள் இறங்குவான் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஹவா அதை ஒப்புக்கொள்ளவே மாட்டாள். ஒரே ஒரு அந்நியச் சிப்பாய் கரையில் கால் வைத்தாலும், பாருங்கள் இது வெளிநாட்டுச் சதி என்று அதிபர் சொல்லிவிடுவார், நம் பக்கம் நிற்கிற ஜனங்களில் பாதிப் பேர் அவர் பக்கம் போய்விடுவார்கள் என்பாள்.

டிரெஸ்ஸிங் மாற்றும்போது லூர்துமேரி அவளிடம், அப்படியென்றால் வெளிநாட்டுக்காரர்களால் நமக்கு ஒரு பிரயோஜனமும் இல்லையா என்று கேட்டார்.

"இருக்கு சிஸ்டர்," என்றாள் ஹவா. "எங்களுக்காக அவங்க சண்டை போட வேண்டாம். இங்க வந்து உட்காரட்டும். அவங்க கண்ணு முன்னாடி எங்களைத் தூக்கிட்டுப் போக முடியாது."

டியூட்டி முடிந்ததும், மாற்று உடைகூட உடுத்தாமல், வெள்ளைச் சீருடையிலேயே தூதரகங்கள் இருக்கும் சாலைக்கு நடந்தார் லூர்துமேரி. முதலில் போனது ஒரு பெரிய நாட்டின் தூதரகம். மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள். இன்டர்நெட்டே இல்லையே என்றதற்கு, வந்தபிறகு அனுப்புங்கள் என்று பதில். அடுத்ததில் காபி கொடுத்தார்கள். நிலைமையைக் கவலையோடு கவனித்துவருவதாகச் சொல்லி வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள்.

மூன்றாவது, ஐரோப்பாவின் வடக்கே இருக்கும் ஒரு சின்ன நாட்டுடையது. வெளியில் கிளம்பிக்கொண்டிருந்த தூதரே வாசலில் நின்றிருந்தார். ஓய்வு பெறும் வயதில் ஒரு பெண்மணி, ஒல்லி, நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். லூர்துமேரி நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் ஒரே கேள்வி.

"உங்க வார்டுல பார்வையாளர் நேரம் எப்போ?"

"நாலு மணிக்கு."

நாலு மணிக்கு அவர் வந்தார். முன்னால் கொடி பறக்கும் காரை ஆஸ்பத்திரி வாசலுக்கு நேரே நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு படியேறி வந்தார். ஒவ்வொரு படுக்கையாகப் போய்ப் பெயர் கேட்டார். ஹவாவின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பழம் உரித்துக் கொடுத்தார். மறுநாள் இன்னும் இரண்டு தூதர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதன்பிறகு அவர்களே தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள். காபி கொடுத்தவர்களும் வந்தார்கள். ஒரு தூதரகம் தன் சாட்டிலைட் போனைக் கொடுக்க, பெரிய டாக்டர் வெளிநாட்டு எலும்பு நிபுணர்களிடம் பேசி ஹவாவின் காலைக் காப்பாற்ற வழி கேட்டுக்கொண்டார்.

ராணுவத்துக்கும் விஷயம் புரிந்துவிட்டது. பார்வையாளர் நேரம் முடிந்து தூதர்கள் கிளம்பட்டும் என்று சிப்பாய்கள் ஆஸ்பத்திரி கேட்டுக்குப் பக்கத்தில் காத்திருக்க ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்த லூர்துமேரி, வார்டு வாசலில் மாட்டியிருந்த நேரப் பலகையைக் கழற்றி ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டார். வார்டு இன்சார்ஜ் என்ற முறையில், இனி எந்நேரமும் பார்வையாளர் நேரம்தான் என்று அறிவித்தார். ஆறு வருட சர்வீஸில் தான் எடுத்த ஒரே நிர்வாக முடிவு அது என்று இப்போது சொல்லிச் சிரிக்கிறார்.

மேஜர் ஒரு காலையில் லாரியோடு வந்தே விட்டான். இந்தத் தடவை சிப்பாய்கள் நிறைய. அப்போது வார்டில் முறைக்கு இருந்தது அந்த வட ஐரோப்பியத் தூதர் அம்மாவும், இன்னொரு நாட்டின் வயதான தூதர் ஒருவரும். உள்நாட்டு விவகாரத்தில் தலையிடுகிறீர்கள், உடனே வெளியேறுங்கள் என்றான் மேஜர்.

அந்த அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவில்லை. "நோயாளியைப் பார்க்க வந்திருக்கேன். உங்க நாட்டுல அது குற்றமா?" என்றார்.

மேஜர் அவரை விட்டுவிட்டு லூர்துமேரி பக்கம் திரும்பினான். கட்டில்களை வெளியே தள்ளிக்கொண்டு வரச் சொன்னான். லூர்துமேரி டிரெஸ்ஸிங் டிராலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இவங்க யாரும் இன்னும் டிஸ்சார்ஜ் ஆகல சார். டாக்டர் கையெழுத்து இல்லாம என் வார்டுல இருந்து ஒருத்தரும் போக முடியாது."

அப்போது பெரிய டாக்டர் உள்ளே வந்தார். அந்த மூன்று பையன்களைத் தூக்கிப்போன நாளில் தன் அறையை விட்டு வெளியிலேயே வராத மனிதர். வந்து லூர்துமேரிக்குப் பக்கத்தில் நின்றார். கையெழுத்துப் போட மாட்டேன் என்றார், அவ்வளவு மெல்ல. அவருக்குப் பின்னால் நர்ஸ்கள் வந்து நின்றார்கள். ஆயாக்கள், லேப் ஆட்கள், கேன்டீன்காரர்கள் என்று வாசல் அடைபட்டுப்போனது.

மேஜர் தாழ்வாரத்துக்குப் போய் யாருக்கோ போன் பேசினான். திரும்பி வந்தான். சிப்பாய்களுக்குச் சைகை காட்டினான். லாரி காலியாகப் போனது.

அவன் ஏன் போனான் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. தூதர்கள் வார்டில் பார்த்ததையெல்லாம் அன்றன்றே தங்கள் தலைநகரங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்டு அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்துவந்த ஒரு தேசம், காயம்பட்டவர்கள்மீது கை வைக்கிற எவனுக்கும் இனி விசா கிடையாது, எங்கள் வங்கிகளில் இருக்கும் அவன் பணத்தையும் முடக்குவோம் என்று முந்தின நாள்தான் அறிவித்திருந்தது. தளபதிகளின் பிள்ளைகள் பாதிப் பேர் படித்துக்கொண்டிருந்தது அங்கேதான். கண்ணீர்ப்புகைக் குண்டு விற்றுவந்த இன்னொரு தேசம், பாதி வழியில் வந்த கப்பலைத் திருப்பி அழைத்துக்கொண்டது. முதலில் மின்னஞ்சல் அனுப்பச் சொன்ன பெரிய நாடு எல்லாம் முடிகிற நேரத்தில்தான் வாய் திறந்தது. ஆனாலும் திறந்தது.

கதையை முடித்தவர்கள் அந்த ஊர்க்காரர்களே. துறைமுகத்தில் ஒரு கிரேன் நகரவில்லை. சந்தைப் பெண்கள் கடை திறக்கவில்லை. மேல் அதிகாரிகளே தயங்குவதைப் பார்த்த சிப்பாய்கள், சுடச் சொன்ன இடத்தில் துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மதியம், அதிபர் குடும்பத்தோடு விமானம் ஏறிவிட்டார் என்று ரேடியோ சொன்னது.

வார்டில் முதலில் யாரும் நம்பவில்லை. தெருவிலிருந்து சத்தம் வந்த பிறகுதான் நம்பினார்கள். தரை துடைத்துக்கொண்டிருந்த பெண், சுவரிலிருந்த அதிபர் படத்தைக் காட்டி, "சிஸ்டர், எடுத்துரட்டுமா?" என்று கேட்டாள். படத்தைக் கழற்ற அவள் ஏறிய நாற்காலியை லூர்துமேரிதான் பிடித்துக்கொண்டார். நடக்கிறவர்கள் நடந்தும், மற்றவர்கள் வீல்சேரிலும் ஸ்ட்ரெச்சரிலும் வாசலுக்கு வந்தார்கள். தெருவே இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. சந்தைப் பெண்கள் குலவையிட்டுக்கொண்டே பிள்ளைகளின் நெற்றியில் முத்தமிட்டார்கள். ஹவா ஊன்றுகோலோடு ஒரு லாரியின் மேல் ஏறிப் பேசினாள். தூதர்களையும் மேலே வரச் சொல்லி அழைத்தார்கள். அந்த வட ஐரோப்பியத் தூதர் அம்மா, இது உங்கள் மேடை என்று சொல்லி மறுத்துவிட்டுக் கூட்டத்தில் நின்று கைதட்டினார். ஹவா விடாமல் ஏற்றிவிட்ட ஒரே வெளிநாட்டுக்காரர் லூர்துமேரிதான். என்ன பேசுவது என்று தெரியவில்லை. காலில் தையல் பிரிக்காதவர்கள் ஆடக் கூடாது என்றார். அந்தச் சிரிப்புச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்கிறார்.

புதிய ஆட்சியில் நேர்மையாக ஒரு தேர்தல் நடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார். இப்போது தருமபுரியில் வேலை. கலைவாணன் காலையில் பைக்கில் பஸ் ஸ்டாண்டில் விடுகிறார். ஊரில் யாராவது, எந்த நாடுதாங்க அவங்களக் காப்பாத்துச்சு என்று கேட்டால், "அவங்களே காப்பாத்திக்கிட்டாங்க. மத்தவங்க பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்தாங்க. அதுவும் சின்ன விசயம் இல்லீங்க" என்பார்.

சென்ற ஆண்டு ஹவாவிடமிருந்து அழைப்பு வந்தது. அவள் இப்போது வக்கீல். திரும்பி வராத அந்த மூன்று பையன்களின் குடும்பங்களுக்காக மேஜர்மீது வழக்கு நடத்திக்கொண்டிருந்தாள். வண்டி வரைக்கும் கூடப் போனவர் நீங்கள் ஒருவர்தான், சாட்சி சொல்வீர்களா என்று கேட்டாள். இரு நாட்டு அனுமதியும் வாங்கி, வீடியோ மூலம் சாட்சி சொல்ல ஏற்பாடானது. திரையில் கூண்டுக்குள் நின்ற ஆளை அடையாளம் காட்டச் சொன்னார்கள். காட்டினார். எதிர்த்தரப்பு வக்கீல், இத்தனை நாள் கழித்து உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகிறது என்றார். லூர்துமேரி மூன்று பெயர்களையும் சொன்னார். ஒவ்வொருவனும் எந்தப் படுக்கையில் இருந்தான், கடைசியாக என்ன கேட்டான் என்பதையும் சொன்னார். ஒருவன் தண்ணீர் கேட்டிருந்தான். நீதிமன்றத்தில் பின்வரிசையிலிருந்து மூன்று தாய்மார்கள் எழுந்து நின்றதைத் திரையில் பார்த்தார்.

தீர்ப்பு வந்த அன்று அவர் டியூட்டியில் இருந்தார். மேஜருக்கு ஆயுள் தண்டனை. பையன்களைப் புதைத்த இடத்தைக் காட்டவும் உத்தரவு. போனில் ஹவாவின் குரலுக்குப் பின்னால், கோர்ட் வாசலில், மறுபடியும் அந்தக் குலவைச் சத்தம். லூர்துமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீழே கடையில் மைசூர்பாகு வாங்கி வந்து வார்டு முழுக்கக் கொடுத்தார். ஏரியூரிலிருந்து குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்திருந்த மாது என்பவர், என்ன விசேஷம் சிஸ்டர் என்று கேட்டார்.

"கேஸ்ல எங்க புள்ளைங்க ஜெயிச்சிட்டாங்கண்ணா," என்று சொல்லிவிட்டு, சர்க்கரை இருக்கிறவர்கள் பாதி மட்டும் சாப்பிட வேண்டும் என்று எல்லாரையும் எச்சரித்தபடி அடுத்த படுக்கைக்குப் போனார்.