காப்பைக் கழற்றாமல் வாங்கிய கார்

அம்மனை நம்பியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம். நான் கட்டியெழுப்பியதை முதலில் சொல்லிவிடுகிறேன், அம்மன் செய்ததைப் பிறகு சொல்கிறேன். ஆட்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிவிடுகிறார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தலவாக்கலை ஸ்டாண்டில் இன்றைக்கு என் பேரில் வாடகைக்கு ஓடும் மூன்று ஹயர் கார் நிற்கிறது. லொறி ஒன்று தோட்டங்களுக்கு உரம் ஏற்றுகிறது. பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் டயர் ஒட்டும் கடை வைத்திருக்கிறேன். மகனை நாவலப்பிட்டியில் போர்டிங்கில் விட்டுப் படிக்கவைத்தேன். மகள்மாரைக் கட்டிக்கொடுத்தேன், ஒருத்தி கழுத்தும் வெறுங்கழுத்தாகப் போகவில்லை. நம் கோயிலுக்கு முன்னால் சீமெந்துத் தரை போட்டது நான், மழையில் இப்போது யாரும் சேற்றில் நின்று கும்பிடுவதில்லை. இத்தனைக்கும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து எடுத்தாள், நான் வரிசையாக ஒட்டிய லயத்து வீட்டில் பிறந்தேன். கோயில் மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள், என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்துப் பிழையை வாத்தியார் திருத்தட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

இனி கஷ்டத்தைச் சொல்கிறேன்.

கொழுந்து லொறியில் கிளீனராக ஏறி, டிரைவராக இறங்கியவன் நான். கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஒரு பழைய காரைத் தவணைக்கு எடுத்து ஹயர் ஓட்டினேன். நன்றாகத்தான் ஓடியது. ஓர் ஆடி மாதம் டயகமப் பாதையில் மண் சரிந்தது. கிட்டத்தட்ட இரண்டு மாதம் பாதை இல்லை. பாதை இல்லாவிட்டால் ஹயர் இல்லை, ஹயர் இல்லாவிட்டால் தவணை எங்கேயிருந்து வரும்? கடன் கொடுத்த கம்பெனியில் போய்ச் சொன்னேன், கெஞ்சினேன். மலை சரிந்தது என் குற்றமா என்று கேட்டேன். யார் காதிலும் ஏறவில்லை.

கம்பெனி ஆட்கள் வந்தார்கள். வந்த நாளைப் பாருங்கள், சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. சுற்றுவட்டாரத் தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் டவுனில் நிற்கிறார்கள். என் மனைவி பாக்கியம் அரிசி மூட்டையோடு பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளை இறக்கி, மூட்டையையும் இறக்கி ரோட்டோரம் வைத்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார்கள். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு யாரும் கடன் தரவில்லை. ஹட்டனில் கேட்டேன், நுவரெலியாவில் கேட்டேன், கண்டிக்குப் போய் நின்றேன். தவணை கட்டாதவன் என்று என் பேர் எனக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது. அது போதாதென்று இன்னும் கேள்விகள். காணி இருக்கிறதா? வீட்டுக்கு உறுதிப் பத்திரம் இருக்கிறதா? லயத்து ஒற்றை அறைக் காம்பிராவுக்கு யார் உறுதி எழுதிக் கொடுத்தார்கள்? அது தோட்டத்துக் கம்பெனியுடையது. பிரஜாவுரிமை இருக்கிறதா? விண்ணப்பம் போட்டிருந்தேன், பதில் வரவில்லை. இந்த மண்ணில் பிறந்து, இந்த மண் ரோட்டில் வண்டி ஓட்டி, கடைசியில் நான் எந்த ஊர்க்காரன் என்று எனக்கே விளங்கவில்லை. உட்காரச் சொல்ல ஓர் ஆள் இல்லை. நின்றே கேட்டு நின்றே திரும்பினேன்.

ஸ்டாண்டில் அடுத்தவன் காரை நாள் கூலிக்கு ஓட்டினேன். அங்கேயும் நக்கல்தான். "என்னண்ணே, இன்னைக்கு எந்த மொதலாளி காருக்கு டைவரு?" என்று கேட்பார்கள். நான் துணியை எடுத்துக் கார்க் கண்ணாடியைத் துடைப்பேன். பேசினால் அடிதடியாகிவிடும்.

ஐம்பத்தேழாம் வருஷம், மாசி மாதம். பக்கத்துத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்கே திரும்பிப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். அவருடைய கறுப்புக் கார் விற்பனைக்கு இருந்தது. அந்த எஞ்சின் சத்தத்தை ரோட்டில் கேட்டே எனக்குத் தெரியும், உள்ளே ஒரு குறையும் இல்லை. போய்க் கேட்டேன். துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். கண்டியிலுள்ள ஒரு கம்பெனியில் சொல்லிவைப்பதாகவும், அவர்கள் கடன் கொடுத்தால் கார் எனக்கு என்றும் சொன்னார். வேறு ஆளும் கேட்கிறான், அடுத்த கிழமை முடிவதற்குள் பணம் வராவிட்டால் அவனுக்குத்தான் என்றும் சொன்னார். கம்பெனியின் பேர் வேண்டாம். அங்கே கேட்டால், கடையோ காணியோ உள்ள ஓர் ஆள் பிணைக்குக் கையெழுத்துப் போட வேண்டும், போடாவிட்டால் பேச்சில்லை என்றார்கள். என்றைக்கு வர வேண்டும் என்பதைத் தபாலில் அறிவிப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

எனக்குத் தெரிந்தவர்களில் கடை உள்ளவர் காதர் நானா ஒருவர்தான். தலவாக்கலையில் பலசரக்குக் கடை, நம் தோட்டத்து ஆட்களுக்கு அரை ஆயுளாகச் சாமான் கொடுத்தவர். அவரிடம் போனேன். முன்பு ஒருவனுக்குக் கையெழுத்துப் போட்டு அவர் நன்றாகப் பட்டிருந்தார். "கோவிக்க வேணாம் மாரிமுத்து. அரிசி கேளுங்க, சீனி கேளுங்க, தாறேன். கையெழுத்து மட்டும் ஏலாது" என்றார். அவர்மேல் குற்றமில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. அவர் நீட்டிய தேத்தண்ணீரைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

இனி யாரிடம் போவது? கோயிலுக்குப் போனேன். திருவிழாவுக்குக் கொடியேறும் நாள் அது. "ஆத்தா, எனக்கு அந்தக் காரு வேணும். தந்தாலும் தராட்டியும் இந்த வருசம் தீச்சட்டி எடுக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். பூசாரி மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கோர்த்து என் வலது கையில் காப்புக் கட்டினார். காப்புக் கட்டியவன் திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும் வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. நம் பெரியவர்கள் அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கட்டுப்பாடு அது. உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்த நாள் தபால் வந்தது. வியாழக்கிழமை காலையில் கண்டிக்கு வர வேண்டும், பிணையாளியோடு வர வேண்டும், தவறினால் அத்தோடு சரி.

காப்பு அவிழ்ப்பது ஞாயிற்றுக்கிழமை.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. காருக்காகத்தான் வேண்டிக்கொண்டேன். அந்தக் காரை வாங்கப் போகவிடாமல் என் கையைக் கட்டிப்போட்டவளும் அவளே. கோயில் வாசலில் நின்று, "நீ குடுக்கிறியா, கெடுக்கிறியா?" என்று கேட்டேன். ஆமாம், கேட்டேன். அவள் தாய், நான் பிள்ளை. வேறு யாரிடம் கேட்பது?

வீட்டில் வேறு போராட்டம். என் மச்சான் வீரய்யா அப்போது கங்காணி, எல்லாவற்றுக்கும் வழி வைத்திருப்பவன். "கயித்த அவுத்து சாமி காலடியில வச்சிட்டுப் போ மச்சான். அந்திக்கு வந்து கட்டிக்க. யாரு பாக்கப் போறா?" என்றான். பாக்கியமும் அழுதாள். பிழைப்புக்குப் போகிறவனை அம்மன் கோபிப்பாளா, அவளும் பெண்தானே என்றாள். பிணைக்கு ஆள் இல்லாமல் போய் என்ன செய்வது என்று கேட்டேன். துரையின் முகத்துக்காக ஒருவேளை தரலாம், போய் நின்று பார்த்தால்தானே தெரியும் என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை வேட்டி சட்டை போட்டுக்கொண்டேன். ஏன் போட்டேன் என்று கேட்டால் தெரியாது. எல்லைப் பாலம் வரைக்கும் நடந்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பையன் என் உடுப்பைப் பார்த்துவிட்டு, "ஏறுங்கண்ணே, மாப்பிள்ளை மாதிரி நிக்கிறீங்க" என்றான். பாலத்தின் நீளம் ஒரு லொறியளவுதான் இருக்கும். நான் நின்றேன். கையைத் திருகிப் பார்த்தேன், கயிறு மஞ்சளாக இருந்தது. பஸ் போய்விட்டது. பாலத்துக் கட்டின்மேல் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். "ஆத்தா, எனக்குச் சொத்து இல்ல, பத்திரம் இல்ல, பிரஜாவுரிமை இல்ல. ஒனக்குக் குடுத்த வாக்கு ஒண்ணுதான் என் கையில இருக்கு. அதையும் வித்துட்டு வந்தா நான் யாரு?" என்றேன். என் செபம் அவ்வளவுதான். கூட ஒரு மந்திரமும் இல்லை.

அன்றைக்குக் காலையில் வேறோர் இடத்தில் என்ன நடந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. விடிந்ததும் என் மச்சான் கற்பூரமும் மஞ்சளும் வாங்கக் காதர் நானா கடைக்குப் போயிருக்கிறான். அவன் காப்புக் கட்டவில்லை, அதனால் போகலாம். போன இடத்தில் என்னைப் பற்றிச் சொல்லிச் சிரித்திருக்கிறான். "கண்டிக்குப் போனா காரு. இந்த மனுசன் கயித்தக் கட்டிக்கிட்டுத் தோட்டத்துலயே குந்தப் போறாரு நானா. இவருக்கெல்லாம் எவன் கடன் குடுப்பான்?" நானா நிறுத்துக்கொண்டிருந்த தராசைக் கீழே வைத்தாராம். உண்மைதானா, கார் கிடைக்காது என்று தெரிந்தும் போகமாட்டாரா என்று கேட்டாராம். போகவே மாட்டார், எங்கள் வீட்டிலேயே எல்லோரும் சொல்லிப் பார்த்துவிட்டோம் என்றானாம் இவன். நானா தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கண்டி ரயிலைப் பிடித்துவிட்டார்.

பொழுது சாயும் நேரம் நான் பாலத்தடிக்கு வந்தேன். ஏன் வந்தேன் என்று அதுவும் தெரியாது. பஸ்ஸிலிருந்து நானா இறங்கினார். பாலத்தின் அந்தப் பக்கம் நின்று, "நீங்க வர வேணாம் மாரிமுத்து. நான் வாறேன்" என்றார். வந்து மடியிலிருந்து காகிதத்தை எடுத்தார். "இதுல ஒங்க கையெழுத்து மட்டும்தான் கொற" என்றார்.

கம்பெனியில் நடந்ததை அவர் வாயாலேயே கேட்டேன். அங்கே பெரியவர் ஒரு சிங்கள மாத்தையா. ஆள் எங்கே என்று கேட்டாராம். வரமாட்டார், சாமிக்குக் காப்புக் கட்டியிருக்கிறார் என்றாராம் நானா. கடன் கேட்டவனுக்கு வர நேரமில்லையா, முன்பும் தவணை கட்டாத ஆள்தானே என்று மாத்தையா காகிதக் கட்டை மூடிவைத்துவிட்டு எழுந்தாராம். அப்போது நானா சொன்ன வார்த்தையை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"மாத்தையா, இந்தக் காருக்காகத்தான் அந்த மனுசன் சாமிக்கு நேந்திருக்கார். அந்தக் காரு கையவிட்டுப் போனாலும் சாமிக்கிட்ட செல்லின வாக்க உட மாட்டேன்னு அங்க நிக்கிறார். யாரும் பாக்காத எடத்துல வாக்கு மாறாதவர், ஒங்க தவணையிலயா மாறப் போறார்? நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு செல்லியிருந்த ஆள். இப்ப போடுறேன்."

மாத்தையாவின் மணிக்கட்டில், புத்த பிக்கு பன்சலையில் ஓதிக் கட்டிய பிரித் நூல் இருந்ததாம். அதைச் சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டுப் பேனாவை எடுத்தாராம். என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு நானா நேரே துரை பங்களாவுக்குப் போய்க் காட்டினார். மற்ற ஆளுக்குக் கார் இல்லை என்று துரை அன்றைக்கே சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தீச்சட்டி எடுத்தேன். கை சுடவில்லை. காப்பை அவிழ்த்துவிட்டுப் பாலத்தைத் தாண்டிப் போய்க் காரை ஓட்டிவந்தேன். பின் சீட்டில் முதலில் பாக்கியத்தை உட்காரவைத்து, சம்பள ஞாயிறு வரும்வரை பொறுத்திருந்து, டவுனை ஒரு சுற்று சுற்றினேன். எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் சுற்றினேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை.

அந்தக் கடனில் ஒரு தவணைகூடத் தவறவில்லை. அதை வைத்து அடுத்தது, அதை வைத்து அதற்கடுத்தது. பிள்ளைப்பேறுக்குப் போகும் பெண்ணிடம் என் கார்கள் இன்றுவரை கூலி வாங்கியதில்லை. காப்புக் கட்டும் நாட்களில் என் கார்கள் அத்தனையும் நிற்கும், நஷ்டம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். முன்பெல்லாம் கேட்டது கிடைக்காவிட்டால் சாமியே இல்லை என்பேன். இப்போது அப்படி இல்லை. சகோதரங்களே, உங்களுக்கும் கடன் இருக்கும், கதவு மூடியிருக்கும், அம்மன் வாயைத் திறக்காமல் இருப்பாள். கோபித்துக்கொள்ளுங்கள், சண்டை போடுங்கள், ஆனால் கொடுத்த வாக்கை மட்டும் கழற்றி வைக்காதீர்கள். அவள் எந்தக் கடைக்காரரை எந்த ரயிலில் ஏற்றுவாள் என்று உங்களுக்குத் தெரியாது.

இப்போது என் குறையைச் சொல்கிறேன். ஒவ்வொரு திருவிழாவிலும் மேடையில் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். எல்லாம் அம்மன் அருள் என்கிறார்கள், நான் மறுக்கவில்லை. காதர் நானாவின் பெருந்தன்மை என்கிறார்கள், அந்த மனிதர் காலைக் கழுவவும் நான் தயார். என் மச்சான் இப்போது கோயில் சபைத் தலைவர், நானாவுக்கு விஷயத்தைச் சொல்லி அனுப்பிவைத்ததே தான்தான் என்கிறான். சிரித்ததைச் சொல்வதில்லை. என் பேர் வரும்போது "ஓர் அடியார்" என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிறார்கள். அம்மன் கொடுத்தாள், நானா கையெழுத்துப் போட்டார், எல்லாம் சரி. பஸ் வந்து நின்றபோது ஏறாமல் நின்றது யார்? அந்தக் கால் யாருடையது? மாரிமுத்து என்று பேரைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டுத் தேங்காயை உடையுங்கள்.