ஏசி அறையில் உறங்கிய கார்

ஒரு வெள்ளைக் காரின் பானட்டின் மேல் அப்பாவின் வலது உள்ளங்கை படிந்திருந்ததை நான் பார்த்தது, பிம்ப்ரியில் அவர் வேலை பார்த்த கார் கம்பெனி குடும்ப நாள் கொண்டாடியபோது. எனக்குப் பத்து வயது. மற்ற பிள்ளைகள் ஐஸ்கிரீமுக்கு வரிசையில் நிற்க, அப்பா என்னை மட்டும் சோதனைக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். கனத்த கதவைத் திறந்ததும் முகத்தில் குளிர் அடித்தது. நடுவில் அந்தக் கார் தனியாக நின்றது. சுவரில் வெப்பமானி இருந்தது, இன்ஜினுக்குள் போன ஒயரின் முனையில் இன்னொன்று இருந்தது. அப்பாவுக்கு அவை போதவில்லை. கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"ஒறங்குதுட்டி. சத்தம் போடாத" என்றார்.

ஒரு புது மாடல் காரை விற்பனைக்கு அனுப்பும் முன், அதன் புகையில் எவ்வளவு கார்பன் போகிறது என்று அளந்து பார்ப்பார்கள். அதற்கு முந்தைய நாளே காரை ஒரே சீரான குளிரில் நிறுத்திவைக்க வேண்டும். இன்ஜின் முழுக்க ஆறியிருந்தால்தான் கணக்குச் சரியாக வரும். மறுநாள் அதை உருளைகளின் மேல் ஏற்றி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, புகையைப் பெரிய பைகளில் பிடிப்பார்கள். அரசாங்கம் வரம்பை இறுக்க இறுக்க, கம்பெனி கார்பனைக் கிராம் கிராமாகக் குறைத்தாக வேண்டும். காரை உறங்கவைத்து எழுப்புவது அப்பாவின் பொறுப்பு. இதெல்லாம் எனக்குப் பின்னால் புரிந்தவை. அன்று புரிந்தது ஒன்றுதான். விஷ்ராந்த்வாடி வீட்டில் எங்கள் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஃபேன், இதற்குத் தனியாக ஏசி.

அதற்குச் சில வாரம் முன்புதான் எனக்குக் கடும் காய்ச்சல் வந்திருந்தது. மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அப்பா அருகில் வந்து உட்காரப்போன நேரத்தில் போன் அடித்தது. அந்த அறையின் ஏசி நின்றுவிட்டதாம். இதோ வந்துவிட்டேன் என்று மராத்தியில் சொல்லிக்கொண்டே சட்டையை மாட்டினார்.

"அது சூடாயிட்டுன்னா நாளைக்கி டெஸ்ட் போச்சு" என்றார் அம்மாவிடம்.

"இங்க ஒருத்தி கொதிச்சிக் கெடக்கா, அது கண்ணுல படலியோ ஒங்களுக்கு?"

ஸ்கூட்டர் கிளம்பிய சத்தம் கேட்டது. அந்த அவசரத்தில் அவர் என் நெற்றியில் கை வைக்கவில்லை. அந்தக் கைதான் குடும்ப நாளில் பானட்டின் மேல் இருந்தது.

பொறாமைதான், வேறு பெயர் சொல்லி மழுப்பத் தேவையில்லை. தம்பி பிறந்தபோதுகூட எனக்கு இப்படி வயிறு எரியவில்லை. நான் வகுப்பில் மார்க் கூட வாங்கி வந்தால் "ம்" என்பார். அந்தக் காரின் கார்பன் இரண்டு கிராம் குறைந்தால் ஜிலேபி வாங்கி வருவார். "ஒங்கப்பாவுக்கு மூத்த மவ அந்தக் காருதாம்ட்டி" என்று அம்மா சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. ஆனால் ஜிலேபியை விடவும் மனம் வராது, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே தின்பேன். அந்த மாடல் தெருவுக்கு வந்தபிறகு நிலைமை இன்னும் மோசம். ஆளந்தி ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிரில் அதுதான் வரும். சிக்னலில் அதன் பின்னால் போய் நின்று, ஒரு குறையாவது கிடைக்காதா என்று மூச்சை இழுத்துப் பார்ப்பேன். நாற்றமே இருக்காது. அதுவும் எரிச்சல்தான்.

போன மாதம் நான் பேட்டரி கார் வாங்கினேன். பெட்ரோல் செலவு மிச்சம், ஊருக்கு நல்லது என்றெல்லாம் வீட்டில் காரணம் சொன்னேன். உள்ளுக்குள் வேறு காரணம் இருந்தது. அப்பா ஆயுள் முழுக்கக் கிராம் கிராமாகக் குறைத்த புகை இந்தக் காரில் அடியோடு இல்லை. அவருடைய செல்லக் கார் தோற்க வேண்டும், அதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

அவரை உட்காரவைத்து லோஹேகாவ் வரை ஓட்டிக் காட்டிவிட்டுத் திரும்பினேன். எங்கள் கட்டடத்தின் கீழே இறங்கியதும், நான் எதிர்பார்த்தபடியே பானட்டில் கையை வைத்தார். கண்ணை மூடினார். பிறகு கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினார்.

"சுடவே இல்லையேட்டி."

"சுடாதுப்பா. இதை ஒறங்கவைக்கவும் வேண்டாம், எழுப்பவும் வேண்டாம்."

இந்த வரியை நான் வண்டி புக் செய்த நாளிலிருந்தே தயாராக வைத்திருந்தேன். அப்பா கையை எடுத்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த முகத்தைப் பார்க்கத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன். பார்த்தபோது சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. நான் அவர் பக்கத்தில் போய், முடியை ஒதுக்குவதுபோலத் தலையைச் சற்றுத் தாழ்த்திக் கொடுத்தேன். அந்தக் கை என் நெற்றிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

அப்பா என்னைச் சுற்றிக்கொண்டு காரின் பின்பக்கம் போனார். முட்டியைப் பிடித்தபடி குனிந்து, இல்லையென்று தெரிந்தும், புகைக்குழாயைத் தேடத் தொடங்கினார்.