றஸீனா கழற்றிய கால்கள்

காத்தான்குடியில் றஸீனாவின் வீட்டு ஹோல் நீளமானது, ஒடுக்கமானது. ஊர் வழக்கப்படி வீடு அவளுக்குச் சீதனமாக வந்தது. உள்ளே இருந்த சாமான்கள் மட்டும் கணவன் அக்ரமின் தெரிவு. துணி வியாபாரியான அவனுக்கு எல்லாமே பருமனாக இருக்க வேண்டும். சாய்ந்து உட்காரும் நீளச் செட்டி, அலுமாரி, சாப்பாட்டு மேசை எல்லாவற்றுக்கும் பூக்கொடி செதுக்கிய குண்டுக் கால்கள். செட்டிக்குக் கீழே கூட்ட முழங்காலிட்டுக் குனிய வேண்டும். பகலிலும் லைட் எரிந்தது. எதையாவது மாற்றிப் போடுவோமா என்று அவள் கேட்டால், “ஒனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?” என்பான்.

ஒரு டிசம்பர் மழையில் வாவி பெருகி வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. வடிந்தபோது சாமான்களின் கால்கள் ஊதி வெடித்திருந்தன. அக்ரம் அப்போது வியாபாரத்துக்காக ஓட்டமாவடியில் இருந்தான். “நீயே ஏதாவது செய்” என்று போனை வைத்துவிட்டான்.

றஸீனா அபாயா தைத்துச் சேர்த்த காசோடு, காக்கா என்று அண்ணன் முறை வைத்து அழைக்கும் தச்சர் ஆதம்பாவாவிடம் போனாள். அதற்கு முன்பு வெற்றுத் தரையில் உட்கார்ந்து, வாசல் வெளிச்சம் எதுவரை வருகிறது என்று பார்த்திருந்தாள்.

“செட்டிக்கு மெலிஞ்ச கால் வேணும் காக்கா. கீழ போகப் போக ஒடுங்கி, கொஞ்சம் வெளிய சாஞ்சாப்போல. ஒரு சாண் உயரம். தரை தெரியணும்.”

“அலுமாரிக்கும் அதேயா?”

“இல்ல. அந்தப் பாரத்துக்கு மெலிஞ்ச கால் போட்டா விழப்போறாப்போல தெரியும். அதுக்குக் கட்டையா, உருண்டையா. மேசைக்கு நேர்க் கால். எல்லாம் முதிரை மரத்தில, ஒரே நிறத்தில.”

புதுக் கால்கள் பூட்டிய அன்று வாசல் வெளிச்சம் செட்டிக்குக் கீழால் ஓடிப் பின்சுவரைத் தொட்டது. ஹோல் அகன்றதுபோல் இருந்தது. வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். “எல்லாம் என்ட ஐடியாதான்” என்றான் அக்ரம், போனில் படம் எடுத்துக்கொண்டே. றஸீனா வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் எடுக்கப் போனாள்.

அடுத்த வருடம் அவன் ஓட்டமாவடியில் பஹீமா என்ற பெண்ணை இரண்டாவதாகக் கலியாணம் முடித்திருந்தான். அளவு கொடுக்க வந்த ஒருத்திதான் அதைச் சொன்னாள். றஸீனா அப்போது வாயில் குண்டூசிகளைக் கடித்திருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தி முடித்த பிறகே, “எப்ப?” என்று கேட்டாள்.

பிரிவு பேச இரு வீட்டுப் பெரியவர்களும் கூடினார்கள். அத்தனை பேர் முன்னாலும் அக்ரம் சொன்னான்: “வீடு அவட. சாமான் என்ட. பஹீமா அந்தப் படத்தப் பார்த்துட்டு, அதே செட்டுத்தான் வேணுமெண்டு நிக்கிறா.”

“எடுத்துட்டுப் போங்க” என்றாள் றஸீனா.

லொறி வருவதாகச் சொன்ன காலையில் அவள் பாயை விரித்துச் செட்டியைக் கவிழ்த்தாள். பிறகு மேசை. அலுமாரியைச் சாய்க்கத் தங்கை சுவரோடு முட்டுக்கொடுத்தாள். ஒவ்வொரு காலையும் திருகிக் கழற்றும்போது றஸீனாவுக்குக் கை இனித்தது.

ஏற்ற வந்தவர்கள் திகைத்துப்போய் அக்ரமுக்கு அழைத்து, போனை அவளிடம் நீட்டினார்கள்.

“கால் எங்க?”

“சாமான் ஒங்கட. கால் நான் தைச்ச காசில செய்வித்தது. அது என்ட.”

“அது இல்லாம நான் என்ன செய்ற?”

“கீழ இருங்க.”

அன்று பகல் ஓட்டமாவடியில், புது ஹோல் செட்டைப் பார்க்கவென்றே பஹீமாவின் சொந்தக்காரர்களைச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தான். அவர்களுக்கு முன்னால், தரையோடு கிடந்த செட்டியில், முழங்கால் நாடியை முட்ட அக்ரம் உட்கார்ந்தான். எழும்ப முடியவில்லை. புது மாமனார் கை கொடுத்து இழுத்தார். யாரோ எடுத்த படம் காத்தான்குடிவரை வந்தது. றஸீனா அதைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தாள்.

“பாவம் ராத்தா” என்றாள் தங்கை.

“எனக்குப் பாவமா இல்ல.”

அதே மாதிரிக் கால் கேட்டு அவன் ஆதம்பாவாவிடம் போனான். “அது றஸீனாட டிசைன். அவ சொன்னா வெட்டித்தாறன்” என்றார் அவர். றஸீனா சொல்லவில்லை. வேறு எங்கோ வாங்கிப் பூட்டிய கால்களில் அந்தச் செட்டி ஒரு பக்கம் சரிந்து நிற்பதாகக் கேள்விப்பட்டபோது அன்றைய தையல் அவளுக்குச் சீக்கிரமாக முடிந்தது.

கழற்றிய கால்களுக்குப் புதுப் பலகைகள் அடிப்பித்து, மெத்தைகளைத் தானே தைத்துப் போட்டாள். அளவு கொடுக்க வந்த பெண்கள் அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் வீடுகளுக்கும் கூப்பிட்டார்கள். ஏறாவூரிலும் இப்போது சில ஹோல்களில் அவள் தெரிவுசெய்து கொடுத்த கால்கள் நிற்கின்றன.

மக்காவுக்கு உம்றா யாத்திரை போகுமுன் தான் நோகடித்தவர்களிடம் மாப், அதாவது மன்னிப்பு, கேட்பது வழக்கம். போன வருடம் புறப்படுமுன் அக்ரம் அதற்காக வந்தான். தங்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு றஸீனா அவனை உட்காரச் சொன்னாள். தேத்தண்ணீர் வைத்தாள்.

“நடந்ததுக்கெல்லாம் எனக்கு மாப் தா, றஸீனா.”

“அல்லாஹ்விட்ட கேளுங்க. என்னட்ட இல்ல.”

“அங்க போறதுக்கு முந்தியாவது...”

“இல்ல.”

அவன் தேத்தண்ணீரைத் தொடாமல் எழுந்து போனான். கேற் சாத்தும் சத்தம் கேட்டது. றஸீனா அந்தக் கோப்பையை எடுத்துத் தானே குடித்தாள். சீனி சரியாக இருந்தது.