ஹைஃபா போக ஒரு சாகுபடிச் சீட்டு

என் மகன் அடைக்கலசாமிக்கு ஐம்பத்தேழு வயசு. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே மூன்று மா நிலத்தில் நெல் போடுகிறான். நாற்று, நடவு, களம், இதைத் தவிர அவனுக்கு ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்டவன் ஒரு தடவை இஸ்ரேலுக்குப் போய் வந்தான். மறுபடி போகணும் என்று நிற்கிறான். அவன் மகள் மரியபுஷ்பம் அங்கேதான் மண்ணுக்குள் கிடக்கிறாள்.

புஷ்பம் ஹைஃபா என்கிற ஊரில் ஒரு யூதக் கிழவியைப் பார்த்துக்கொள்ளப் போனவள். கொரோனா வருசம் காய்ச்சலில் போய்விட்டாள். விமானம் ஓடவில்லை. அங்கேயே அடக்கம் பண்ணி போனில் காட்டினார்கள். பிடித்தவர் கை ஆடியதில் மரம்தான் தெரிந்தது, குழி தெரியவில்லை.

ரெண்டு வருசம் கழித்து பங்குச் சாமியார் ஆள் சேர்த்து எருசலேமுக்குக் கூட்டிப் போனார். இவனும் போனான். பஸ் ஹைஃபா வழியாகவே போயிருக்கிறது. அரை மணி நிறுத்துங்கள் என்று கெஞ்சியிருக்கிறான். அடுத்த ஊரில் சாப்பாடு சொல்லியாச்சு என்று சொல்லிவிட்டார்களாம். ஊருக்கெல்லாம் யோர்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். தன் வீட்டுக்கு ஒரு பாட்டில் வைத்துக்கொள்ளவில்லை.

இந்த வருசம் அந்தக் கிழவியின் மகன் எழுதினார். அவர் வாத்தியார். வருசா வருசம் வெளிநாட்டு யூதர்களைக் கூட்டிவந்து, வேதத்தில் வரும் ஊர்களைக் காட்டிப் பாடம் நடத்துவாராம். ஹைஃபாவில் ரெண்டு நாள் தங்குவோம், எங்கள் குழுவோடு வந்து மகளைப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். அன்றைக்கு அடைக்கலம் ரெண்டு தரம் குளித்தான்.

போன தடவை கோயில் குழு, யாரும் எதுவும் கேட்கவில்லை. இந்தத் தடவை இங்கேயிருந்து போவது தனி ஆள். திரும்பி வருவான் என்பதற்கு விசா ஆபீசில் அத்தாட்சி கேட்டார்கள். நிலத்துக்குக் காகிதம் உண்டா? நாற்பது வருசமாய்ச் சேற்றை விட்டு ஏறாதவனிடம் இந்தக் கேள்வி. காகிதம் இல்லை. இல்லாமல் பண்ணினவள் நான்.

கழக ஆட்சி வந்த புதுசில் குத்தகைக்காரர் பேரைப் பதிய அதிகாரி வந்தார். பயப்படாமல் சொல்லுங்கள் என்று செங்கொடிக்காரர்கள் வீடு வீடாய்ச் சொல்லிவிட்டுப் போனார்கள். என் புருசன் வெளியூர் போயிருந்தார். முந்தின நாள்தான் நிலத்துக்குச் சொந்தக்காரர், பண்ணை வீட்டம்மா வந்து என் கையைப் பிடித்திருந்தார். அடைக்கலத்துக்குக் குழந்தையில் மணல்வாரி அம்மை கண்டபோது அந்த வீட்டுப் பால்தான் ஊற்றினோம். அந்த முகத்துக்காக, நாங்கள் குத்தகை இல்லை, கூலிக்குத்தான் உழைக்கிறோம் என்று சொல்லிக் கைநாட்டு வைத்தேன். பெருமையாகவே வைத்தேன்.

இப்போது பண்ணையின் பேரனிடம் போய், இவன்தான் சாகுபடி பண்ணுகிறான் என்று ரெண்டு வரி எழுதித் தரச் சொன்னேன். நாற்காலி போட்டு உட்காரவைத்தான். எழுதிக் கொடுத்தால் நாளைக்கு அதையே கோர்ட்டில் காட்டுவீர்கள் என்றான். "நீங்களே இல்லன்னு சொன்னதுதானே பாட்டி?"

நாற்காலியை விட்டு எழுந்தேன்.

தாலுகா ஆபீசுக்குப் போய், அன்றைக்கு நான் சொன்னது பொய், எழுதிக்கொள் என்றேன். கிளார்க் சிரித்தான்.

"இதச் சொல்ல அம்பது வருசம் ஆச்சா?"

"நீ பொறந்து இந்த நாற்காலிக்கு வரணும்ல தம்பி."

கேஸ் போடணும், விசாரணை வரும், வருசக் கணக்காகும் என்றான்.

ஆவணியில் வாத்தியாரின் குழு ஹைஃபாவுக்கு வந்து போய்விட்டது. அன்றைக்கு அடைக்கலம் வரப்பு வெட்டிவிட்டு வந்து சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தான்.

"அன்னிக்கு அப்பா இருந்திருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பாரும்மா" என்றான்.

சொல்லியிருக்க மாட்டார். எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

கல்லறைத் திருநாளுக்கு எங்கள் ஆட்கள் எல்லோருடைய கல்லறைக்கும் அவன்தான் வெள்ளையடித்தான். வாளியில் ஒரு கல்லறைக்கு ஆகும் சுண்ணாம்பு மிச்சம் இருந்தது. கொட்டப் போனான். கொட்டாதே என்றேன். காய்ந்துபோகும் என்றான். காயட்டும், திங்கட்கிழமை கலெக்டர் மனு வாங்குவார், சாகுபடிச் சீட்டு கேட்கணும், என்னைத் திருவாரூரில் கொண்டுபோய் விடு என்றேன். வாளியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தான்.